பந்தக்காலுக்கு முன்னால் கேட்க வேண்டிய துக்கம்

ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு வேலையை முடிக்க மலாய் நாட்டு ஜொகூருக்குப் போனேன். போன இடத்திலும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த நாலு நாள் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் கூடப் பிறந்த அக்கா தனபாக்கியம் குளுவாங்கில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அந்த நோய்க் காலத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போது விமானம் ஓடவில்லை. ஓட ஆரம்பித்ததும் வருகிறேன் என்றேன். ஓட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்றேன். பிறகு மாடு கன்று போடட்டும் என்றேன். பிறகு மழை. பிறகு பாஸ்போர்ட் இல்லை என்றேன். பாஸ்போர்ட் வந்து, அது இரண்டு வருடம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

அக்காவோடு பேசாமல் இல்லை. வாரம் ஒரு தடவை போன் உண்டு. துறையூரில் தக்காளி என்ன விலை, அங்கே மழையா வெயிலா, இதையே பேசுவோம். மாமா பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கமாட்டோம். எங்கள் பக்கத்தில் போனில் கேட்ட துக்கம் துக்கம் கேட்டதாக ஆகாது. நேரில் போய், கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வர வேண்டும். அது நடக்கிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. அந்த வீட்டு நல்ல காரியத்துக்கும் போகக் கூடாது.

இப்போது அக்கா மகன் சேகருக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். "ஒரு வாரம் முன்னாடியே வந்துடு" என்று மட்டும் அக்கா சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

முதல் நாள் போய் இறங்கியது மாசாயில், அக்கா மகள் வாசுகி வீட்டில். துக்கம் கேட்காமல் நேரே அக்கா வீட்டுக்குப் போக முடியாது என்பதால் அவள்தான் அப்படி ஏற்பாடு செய்திருந்தாள். பாசீர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாசுகி சூப்பர்வைசர். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார், விளக்கு வைத்த பிறகு வருவார். அந்தத் தெருவில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள். எங்கள் ஊரில் வாசலில் செருப்பைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று கணக்குப் போடுவோம். இங்கே ஹெல்மெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வாசுகி சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள். சம்பல் காரம் என்று பார்த்தால் இனிக்கிறது. இனிப்பு என்று நினைத்தால் பிறகு காரம் வந்து பிடிக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ள ஆசைதான். கேட்க வாய் வரவில்லை. நான் அப்படித்தான். பந்தியில் எனக்கு ரசம் வராமல் போனாலும் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

சாப்பிட்டு முடித்ததும் வாசுகி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். கோடு போட்டு, நாள் வாரியாக எழுதியிருந்தாள்.

"சின்னம்மா, நாளைக்குத் திங்கக்கிழமை. உங்களுக்காகவே நான் லீவு போட்டிருக்கேன். காலையில குளுவாங் போயி துக்கம் கேட்டுட்டு, சாயங்காலம் திரும்பி இங்க வந்துடலாம். செவ்வாய் ஆகாது, நம்ம பக்கம் கேக்க மாட்டாங்க. புதன் காலையில பத்தரைக்குப் பந்தக்கால். கால் நட்டுட்டா கல்யாணம் முடியுற வரைக்கும் வீட்டுல யாரும் கண்ணுல தண்ணி விடக் கூடாது. அதனால நாளைக்கு விட்டா நாளே இல்ல. ஓகே லா?"

"சரிம்மா" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டேன். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் தடவத் தடவ வலிக்கிற மாதிரி இருந்தது.

"வாசுகி, விமானத்துல காலைத் தொங்கப்போட்டே வந்ததுல முட்டி வீங்கிப்போச்சு."

அவள் குனிந்து என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "வீங்கலியே சின்னம்மா" என்றாள்.

"உள்வீக்கம்."

பாவம் அவள். தைலம் கொண்டுவந்து தேய்த்தாள். கார் சாவியை ஆணியில் மாட்டினாள். லீவு வீணாகப் போனது. உள்ளறையில் அவள் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "வரலம்மா. முட்டியாம்." அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாளோ, வாசுகி, "எனக்கும் தெரியும்மா" என்றாள்.

எனக்கு அக்காவைப் பார்க்கப் பயமில்லை. மாமாவை நினைத்துத்தான் கூச்சம். அவர் எங்கள் ஊருக்கு வருகிறபோதெல்லாம், கிளம்புகிற அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார். "எப்ப புள்ள எங்க ஊருக்கு வர்ற?" நானும் "அடுத்த வருஷம் மாமா" என்பேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். அப்படிச் சொன்னவள் இப்போது அவர் இல்லாத வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

செவ்வாய்க்கிழமை வாசுகி வேலைக்குப் போய்விட்டாள். நாள் ஆகாத நாள், என்னை யாரும் எங்கேயும் கூப்பிட முடியாது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். மாறாக, அந்தக் குளிர்சாதனப் பெட்டித் தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திங்கள் கட்டத்தில் 'சின்னம்மா, துக்கம்' என்று எழுதியதைக் கோடு போட்டு அடித்திருந்தாள். புதன் கட்டத்தில் ஓரமாகப் பொடி எழுத்தில் 'சின்னம்மா, காலை 6.15 பஸ், கடைசி' என்று இருந்தது.

புதன் காலை வாசுகி தன் சின்னக் காரில் என்னைப் பெரிய பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். "எனக்கு எட்டு மணிக்கு ஷிப்ட். நாளையிலருந்துதான் மறுபடி லீவு. நீங்க எட்டரைக்குள்ள போயிருவீங்க. கேட்டுட்டு, குளிச்சிட்டு, அப்படியே பந்தக்காலுக்கு நின்னுடலாம். நடுவுல எங்கயும் எறங்காதீங்க சின்னம்மா" என்று பத்துத் தடவை சொன்னாள். டிரைவரிடமும் மலாயில் சொல்லிவைத்தாள்.

பஸ் என்றால் நம் ஊர்ப் பஸ் மாதிரி இல்லை. பாட்டுச் சத்தம் இல்லை, கண்டக்டர் விசில் இல்லை, யாரும் யாரோடும் பேசவில்லை. ஜன்னல் பூட்டியே இருக்கிறது. உள்ளே மார்கழி மாதக் குளிர். வெளியே கண்ணுக்கு எட்டின தூரம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். வரிசை பிசகாமல் நட்டிருக்கிறார்கள். எந்த வரிசை எந்தக் காலத்தில் காய்க்கும் என்று இருபது வருடத்துக்கு முன்னாலேயே யோசித்து நட்டிருப்பார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிஜமாகவே கலக்கியது. பயமும் குளிரும் சேர்ந்து, ஒதுங்க வேண்டும் போல் ஆகிவிட்டது.

சிம்பாங் ரெங்கத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். டிரைவர் இறங்கிப் போய்ச் சிகரெட் பற்ற வைத்தார். அவரிடம், நான் ஒதுங்கிவிட்டு வருகிறேன், கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? ஆம்பிளையிடம் அதை எப்படிச் சொல்வது? அதுவும் பாஷை தெரியாமல் கையைக் காட்டியா சொல்வது? ஒன்றும் சொல்லாமல் துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது பஸ் நின்ற இடத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

எதிரில் ஒரு தமிழர் ரொட்டிச் சானாய் வீசிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கடைத் தூணோரம் நின்றேன். கேட்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான். அவரே பார்த்துவிட்டு, "என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"அலமாக், அடடா! குளுவாங் பஸ்ஸா? அடுத்தது ஒம்பதே முக்காலுக்குத்தான் வரும். உக்காருங்க. யாருக்காச்சும் சொல்லணுமா?"

வாசுகி ஒரு சீட்டில் எண் எழுதி என் பையில் வைத்திருந்தாள். அவர் தன் போனில் போட்டு, சத்தமாகப் பேசினார். "ஹலோ, உங்க சின்னம்மா இங்க சிம்பாங்ல இருக்காங்க. இல்லம்மா, நல்லாத்தான் இருக்காங்க. பஸ்தான் நல்லா இல்ல, போயிடுச்சு." கடையிலிருந்த நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

தட்டில் ரொட்டி வைத்தார். நம் ஊர்ப் பரோட்டா மாதிரி முரட்டுத்தனம் இல்லை. வாழைக் குருத்து மாதிரி மெத்தென்று இருந்தது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் மறுபடி அடித்தது. வாசுகிதான். அவர் போனை என்னிடம் கொடுத்தார்.

"சின்னம்மா, அம்மாகிட்ட பேசிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள கால் நட்டுருவாங்க. அதனால, நீங்க வீட்டுக்கு வர வேணாம்னு சொல்றாங்க."

கையில் இருந்த ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"குளுவாங் பஸ் ஸ்டேஷன்ல எறங்கி அங்கயே நிக்கச் சொன்னாங்க. அம்மா வருவாங்களாம். இங்க வேலை லைன்ல என்னைக் கூப்புடுறாங்க, வெச்சிடறேன்."

ஒன்பதே முக்கால் பஸ் பத்துக்கு வந்தது. ரொட்டிக் கடைக்காரர் டிரைவரிடம் ஏதோ சொல்லி, என்னை அவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்தார். "எதுன்னாலும் வாயத் தொறந்து கேளுங்கம்மா. இங்க யாரும் கடிக்க மாட்டாங்க" என்றார். பத்தரை மணிக்கு நான் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்தேன். இந்நேரம் கம்புக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு நட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா வீட்டு வாசலில் அந்தக் கம்பு எனக்குக் குறுக்கே நிற்கிறது. இனி அந்த வீட்டில் நான் அழ முடியாது. அழாமல் உள்ளே போகவும் முடியாது. கல்யாணம் முடியும்வரை மாசாயில் உட்கார்ந்திருந்துவிட்டு, மருமகள் முகம் பார்க்காமல் துறையூருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதற்கு நாற்பது வருடம் கழித்து வந்திருக்கவே வேண்டாம்.

குளுவாங்கில் இறங்கினேன். அக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக எட்டு வருடத்துக்கு முன்னால் பார்த்தது. பாதி ஆளாக ஆகிவிட்டிருந்தாள். வெளுத்த நூல் புடவை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்து 'வா' என்று சொல்லவில்லை. சிரிக்கவில்லை. அவள் கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து என் கால் பின்னுக்குப் போனது. பிறகுதான் உறைத்தது. துக்கம் கேட்க வருகிறவர்களை யாரும் 'வா' என்று கூப்பிடமாட்டார்கள். அக்கா முறைப்படி நிற்கிறாள். அப்படியானால் நான் துக்கம் கேட்க வந்தவள்தான். அவள் இன்னும் எனக்கு இடம் வைத்திருக்கிறாள்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். ஒரு சீனர் காப்பிக் கடை. வட்டமான கல் மேசைகள், மேலே பெரிய மின்விசிறி, இரண்டு கிழவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மூலை மேசையில் உட்கார்ந்தோம். அக்கா இரண்டு காப்பி சொன்னாள்.

"ம், கேளு" என்றாள்.

"இங்கயாக்கா?"

"பின்ன எங்க? வீட்டுல கால் நட்டாச்சு. கோயில்ல உக்காந்து அழுவியா? ரோட்டுல அழுவியா? இங்கன்னா நிழலு இருக்கு, காத்தாடி ஓடுது. நானும் ரெண்டு நாளா யோசிச்சுத்தான் இந்த மேசையப் புடிச்சேன்."

அழுகை வரவில்லை. ஐந்து வருடம் வைத்திருந்தது, கேட்டவுடன் எப்படி வரும்? பேப்பர் படிக்கிற கிழவர்களைப் பார்த்தேன். காப்பியைப் பார்த்தேன். கெட்டிப் பால் அடியில் வெள்ளையாக நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஒரு தடவகூட நான் வரலியேக்கா. கேட்டுக்கிட்டே இருந்தாரே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் கண் கரித்துக்கொண்டு வந்துவிட்டது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் என்றால் தெருமுனைக்குக் கேட்கும். காப்பிக் கடை என்பதால் அக்கா ஒப்பாரியை வாய்க்குள்ளேயே பாடினாள், தொட்டில் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி மெதுவாக. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்சம் அடங்கின பிறகு அக்கா சொன்னாள்.

"அவரு போனப்ப பத்துப் பேருக்கு மேல வரக் கூடாதுன்னுட்டாங்க. வந்தவங்களும் ஆளுக்கு ஒரு மூலையில தள்ளித் தள்ளி நின்னாங்க. ஒருத்தியும் என்னைத் தொடலடி. அப்புறம் எல்லாரும் போன்லயே கேட்டாங்க. போனை வெச்சுட்டு நான் போயி சோறு வடிச்சேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் கட்டிப்புடிச்சு அழல."

இது எனக்குத் தெரியாது. துக்கம் கேட்பது நான் தீர்க்க வேண்டிய ஒரு முறை, என் தலைக்கு மேல் தொங்குகிற வேலை என்று மட்டும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று யோசிக்கவே இல்லை. இப்போது நான் அவளைக் கட்டிக்கொண்டேன். முதலில் நான் அழுதது மாமாவுக்கு. இரண்டாவது அழுகை அவளுக்கு.

கடைக்காரச் சீனத்தி காகிதத் துண்டுகள் அடங்கிய பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். மலாயில் ஏதோ கேட்டாள். அக்கா பதில் சொன்னாள். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த அக்கா சட்டென்று சிரித்துவிட்டாள்.

"என்னக்கா?"

"யாரு செத்ததுன்னு கேட்டா. என் வீட்டுக்காரருன்னேன். எப்பன்னா. அஞ்சு வருஷம் ஆச்சுன்னேன். 'பாவம், இவளுக்கு இப்பத்தான் சொன்னீங்களா'ங்கறா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பேப்பர் படித்த கிழவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சீனத்தி என்ன நினைத்தாளோ, கேட்காமலேயே இரண்டு ரொட்டி வாட்டி, தேங்காய்ப்பால் ஜாம் தடவிக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா ஒன்றை என் வாயில் திணித்தாள். ஐந்து வருடமாக நெஞ்சில் ஒரு ஈரச் சாக்கு மாதிரி கிடந்தது இறங்கிவிட்டது. ரொட்டியின் ருசி கூடத் தெரிந்தது.

துக்கம் கேட்டுவிட்டுப் போகிறபோது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கடைக்காரியிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தோம். அவளுக்கு நாங்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று பட்டிருக்கும். அது ஒன்றுதான் எனக்கு மனக்குறை.

வாடகைக் கார் அக்கா வீட்டுத் தெருவுக்குள் போகாமல் பின் சந்தில் நின்றது. துக்கம் கேட்டவர்கள் தலை முழுகாமல் கல்யாண வீட்டுக்குள் நுழையக் கூடாதே, என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தேன். அக்கா பின்வீட்டு இரும்புக் கதவைத் தட்டினாள். மலாய்க்கார அம்மாள் ஒருவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து திறந்தார். அக்கா அவரை 'மக்சிக்' என்று கூப்பிட்டாள். நம் ஊரில் அத்தை என்கிற மாதிரி. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குளியலறையைக் காட்டினார். உள்ளே இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது.

அக்கா பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள். துண்டு, சீயக்காய்ப் பொட்டலம், அவளுக்கு ஒரு புடவை, எனக்கு ஒரு புதுப் புடவை, என் அளவுக்கு ஜாக்கெட், கொசுவம் வைக்க ஊசிகூட இருந்தது.

"இதெல்லாம் எப்பக்கா ரெடி பண்ண? காலையில வாசுகி ஃபோன்ல சொன்னப்புறம்தான கெளம்புன?"

"மக்சிக்கிட்ட ஞாயித்துக்கிழமையே சொல்லி வெச்சுட்டேன்."

"ஞாயித்துக்கிழமையா? அப்ப திங்கக்கிழமை நான் வர்றதா இருந்துச்சே. கால் நட முன்னாடி."

அக்கா சீயக்காயை உள்ளங்கையில் கொட்டி என் தலையில் அரக்கினாள். "வாசுகி திங்கக்கிழமைன்னு எழுதுவா. பள்ளிக்கூடம் போற நாளுல கூட முதல் மணி அடிச்சப்புறம்தானேடி நீ பாவாடையத் தேடுவ. நாடாவ நான்ல கட்டி விடுவேன். உன்னை எனக்குத் தெரியாதா? புதன்கிழமை, கால் நட்டதுக்கு அப்புறம்னுதான் நான் கணக்கு வெச்சேன். கண்ண மூடு, எரியும்."

கண்ணை மூடிக்கொண்டேன். திட்டமாவது, தள்ளிப்போடுவதாவது. நான் எத்தனை நாள் தாமதிப்பேன் என்பதையும் சேர்த்து ஒருத்தி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால், வேறு என்ன வேண்டும்? இனிமேல் இப்படி இருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சீயக்காய் வாய்க்குள் போய்விட்டது.

குளித்துக் கட்டியதும் அக்கா, "நான் பின்வாசல் வழியா உள்ள போறேன். நீ கொஞ்சம் பொறுத்து முன்பக்கமா சுத்தி வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுற்றிக்கொண்டு போனேன். வாசலில் கம்பு நின்றது. மாவிலை வாடவில்லை. அடியில் ஊற்றின பால் மண்ணில் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே பெண்கள் பேச்சுச் சத்தம். நான் கேட் பக்கத்தில் நின்றேன்.

அக்கா வாசலுக்கு வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் முடிந்திருந்தாள். காலையிலிருந்து என்னைப் பார்க்காதவள் மாதிரி முகம் நிறையச் சிரித்தாள்.

"வா வா. எப்ப வந்த?"

"இப்பத்தான்க்கா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.